குஞ்சு பொரிக்கும் பெட்டி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, இரண்டு 40 வாட்ஸ் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய 12 வோல்ட் ஃபேன், ஒரு அடாப்டர், சூட்டை அளக்கும் சென்சார் வயரோடு வரும் டபிள்யூ 1209 என்ற சின்ன கட்டுப்பாட்டு போர்டு, ஒரு தண்ணீர்க் கிண்ணம். எங்கள் பக்கம் சிறுவிடைக் கோழி வளர்ப்பவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டி பெரும்பாலும் இதுதான். நான் செய்து கொடுத்தவையும் உண்டு, யாரோ செய்து என்னிடம் பழுதுக்கு வந்தவையும் உண்டு. வரும்போதே "அண்ணா, போர்டு போயிருச்சுங்க, வேற ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நிஜமாகவே போர்டு போயிருந்தது சில தடவைதான். மற்றபடி ஒரு செட்டிங் மாறியிருக்கும், சென்சார் இடம் தவறியிருக்கும், அல்லது போர்டு காட்டும் எண்ணே பொய்யாக இருக்கும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் கோழி முட்டைக்கு, ஃபேன் ஓடும் பெட்டிக்கு. வெப்பம் 37.5 டிகிரி, மொத்தம் 21 நாள்.

எந்தப் பழுதாக இருந்தாலும் முதலில் இது

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டில் 12 வோல்ட்தான் ஓடுகிறது என்று நினைத்துக் கை வைப்பார்கள். பல்புக்குப் போகும் 230 வோல்ட் அதே போர்டின் ரிலே (பல்பைப் போட்டு அணைக்கும் தானியங்கி சுவிட்ச்) வழியாகத்தான் போகிறது, பலகையின் அடிப்பக்கம் முழுக்கத் திறந்தே கிடக்கும்.

அடுத்து, சென்சார் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். மருந்துக் கடையில் விற்கும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும். கோழி முட்டைக்கு வேண்டிய வெப்பமும் மனித உடம்பின் வெப்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், நமக்கு வேண்டிய இடத்தில் அது நன்றாகவே அளக்கும். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் சென்சார் முனையை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தெர்மாமீட்டர் முனையோடு சேர்த்துப் பிடித்துத் தண்ணீரில் விடுங்கள். இதற்குப் போர்டுக்கு 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் போதும், பல்பின் பிளக் வெளியிலேயே இருக்கட்டும். இரண்டு நிமிடம் கழித்து இரண்டு எண்ணையும் பாருங்கள். தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் காட்டினால் 99.5 என்பது நம்முடைய 37.5.

போர்டு ஒரு டிகிரி கூடக் காட்டினால், பெட்டிக்குள் உண்மையில் 36.5தான் இருந்திருக்கிறது என்று அர்த்தம். செட் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து, பி4 என்ற இடத்துக்குப் போய், வித்தியாசத்தை மைனஸிலோ பிளஸிலோ கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கீழே இருக்கும் எதைச் செய்தாலும் பலன் இல்லை.

அறிகுறி 1: பல்பு எரியவே இல்லை

போர்டின் திரையைப் பாருங்கள். அதைப் பொறுத்து வழி பிரியும்.

*திரையே இருட்டாக இருந்தால்:* அடாப்டர் பின் ஆடுகிறதா, பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அடாப்டர் முனையில் 12 வோல்ட் வருகிறதா என அளக்கலாம். இல்லாவிட்டால் வேறொரு 12 வோல்ட் அடாப்டரை மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய மோடம் அடாப்டர் ஒன்று எல்லார் வீட்டிலும் கிடக்கும், ஆனால் 9 வோல்ட் அடாப்டரும் அதே மாதிரிதான் இருக்கும் என்பதால் மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

*எல்எல்எல் என்று காட்டினால்:* சென்சார் தொடர்பு விட்டிருக்கிறது. வெள்ளை சாக்கெட்டை அழுத்திவிடுங்கள். சரியாகவில்லை என்றால் மூடியின் விளிம்பில் வயர் நசுங்கியிருக்கிறதா எனத் தடவிப் பாருங்கள். எலி கடித்த கேஸ்களும் வந்திருக்கின்றன. சென்சார் மட்டும் தனியாகக் கிடைக்கும், 10 கே என்.டி.சி. என்று கேட்டு வாங்குங்கள்.

*எண் ஒழுங்காகக் காட்டுகிறது, ஆனால் போர்டின் சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால்:* புதுப் போர்டில் அடிக்கடி வரும் குழப்பம் இது. கடையிலிருந்து வரும்போது இந்தப் போர்டு குளிரூட்டும் வேலைக்கு செட் செய்யப்பட்டிருக்கும். சூடு கூடினால்தான் ரிலேயைப் போடும். பி0 என்ற இடத்தில் சி என்று இருப்பதை எச் என்று மாற்றுங்கள். அப்படியே பி5ஐயும் பாருங்கள். அதில் எண் இருந்தால் அத்தனை நிமிடம் காத்திருந்துதான் ரிலே போடும், பூஜ்ஜியம் ஆக்கிவிடுங்கள்.

*சிவப்பு விளக்கும் எரிகிறது, "டக்" சத்தமும் கேட்கிறது, பல்பு மட்டும் எரியவில்லை என்றால்:* பல்பைக் கழற்றி வேறு ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ஹோல்டரின் அடி முள் அமுங்கிப் போயிருக்கும், அல்லது கே0, கே1 என்ற இரண்டு திருகில் ஒன்று லூசாக இருக்கும். இந்த இரண்டும் வெறும் சுவிட்ச் முனைகள், அங்கிருந்து கரண்ட் தானாக வராது. ஃபேஸ் வயரை (கரண்ட் வரும் வயர்) வெட்டி அதன் இரு முனைகளை இங்கே கொடுத்திருக்க வேண்டும். பல்பின் இரண்டு வயரையும் கே0, கே1இல் சொருகிவிட்டு "எரியலைங்க" என்றவர்கள் உண்டு. வயரிங் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

*விளக்கு எரிகிறது, "டக்" சத்தம் இல்லை என்றால்:* அடாப்டர் இளைத்திருக்கலாம், மாற்றிப் பாருங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் ரிலே போயிருக்கிறது. போர்டையே மாற்றிவிடலாம், ரிலேயைத் தனியாகச் சால்டர் செய்யும் கூலியும் புதுப் போர்டின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அறிகுறி 2: பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது, 35ஐத் தாண்டவில்லை

முட்டையை இப்போதுதான் வைத்தீர்களா? குளிர்ந்த முட்டைகள் சூட்டை வாங்கிக்கொள்ளும். நாலைந்து மணி நேரம் பொறுங்கள். அதற்குள் செட்டிங்கைக் கூட்டினால் முட்டைகள் சூடேறிய பிறகு அதை இறக்க மறந்துவிடுவீர்கள்.

போட்டிருப்பது எல்.இ.டி. பல்பா? சிரிக்காதீர்கள், நிறைய நடக்கிறது. குண்டு பல்பு ஃபியூஸ் ஆகும், கடையில் போய் "40 வாட்ஸ் வெளிச்சம் தரும் பல்பு" கேட்பார்கள், எல்.இ.டி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதில் வெளிச்சம் வரும், பெட்டி சூடாகாது. டங்ஸ்டன் கம்பி உள்ள பழைய பல்புதான் வேண்டும்.

பிறகு மூடியைச் சுற்றி ஈரக் கையை நகர்த்திப் பாருங்கள், காற்று கசியும் இடம் சில்லென்று தெரியும். நுரை டேப் ஒட்டுங்கள். ஆனால் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் கருவுக்கும் மூச்சு உண்டு. கீழே இரண்டு, மேலே இரண்டு, சுண்டு விரல் நுழையும் அளவு போதும்.

மார்கழி இரவில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் பெட்டியை ஜன்னலோரத்திலிருந்தும் சீலிங் ஃபேனுக்கு அடியிலிருந்தும் உள் அறைக்கு மாற்றுங்கள். கடைசி வழிதான் வாட்ஸைக் கூட்டுவது. அப்படிக் கூட்டினால் பல்புக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். தெர்மாகோல் இளகுவதற்குத் தீப்பிடிக்கும் அளவு சூடெல்லாம் தேவையில்லை.

அறிகுறி 3: சூடு ஏறிக்கொண்டே போகிறது, பல்பு அணையவில்லை

இதில்தான் அவசரம் காட்ட வேண்டும். முட்டை 30 டிகிரிக்கு இறங்கினால் பிழைத்துக்கொள்ளும். 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் கரு சாகத் தொடங்கும். பிளக்கைப் பிடுங்குங்கள், மூடியைத் திறந்து வையுங்கள், அப்புறம் யோசியுங்கள்.

*சென்சார் எங்கே இருக்கிறது?* என் முதல் பெட்டியில் சென்சாரை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஈரத்தில் டேப் விட்டு, சென்சார் நழுவி, வயர் போட்ட துளை வழியாக வெளியே தொங்கிவிட்டது. வெளியே 28 டிகிரி. போர்டு பாவம், "இன்னும் சூடாகவில்லை" என்று ராத்திரி முழுக்கப் பல்பை எரியவிட்டிருக்கிறது. காலையில் 22 முட்டையும் அவித்த முட்டை. அன்றிலிருந்து சென்சாரை வயர் டை போட்டு, முட்டையின் மேல் மட்டத்தில், பல்பு நேராகப் பார்க்காத இடத்தில் கட்டிவிடுகிறேன்.

*சென்சார் உள்ளே சரியாக இருக்கிறது, திரை 39 காட்டுகிறது, சிவப்பு விளக்கும் அணைந்திருக்கிறது, ஆனாலும் பல்பு எரிகிறது என்றால்:* ரிலேயின் உள் முனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. போர்டைத் தட்டினால் சில நேரம் விட்டுவிடும். விட்டுவிட்டதே என்று திரும்ப ஓட்டாதீர்கள், இன்னொரு நாள் நடுராத்திரியில் ஒட்டும். போர்டை மாற்றுங்கள்.

*பல்பு அணைந்தே இருக்கிறது, ஆனாலும் 39 என்றால்:* அறையே சூடு. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக்குள் பெட்டி வைத்தால் இதுதான் நடக்கும். இந்தப் பெட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. ஓட்டு வீட்டின் உள் அறை, மண் தரை, அங்கே கொண்டுபோங்கள். அதுவும் இல்லை என்றால் மே மாதம் முட்டை வைக்காமல் இருப்பதே மேல்.

ஒரு தடவை முட்டை வெந்துபோன பிறகு நான் எல்லாப் பெட்டியிலும் செய்வது: இரண்டாவது ஒரு டபிள்யூ 1209. தனி சென்சார், தனி அடாப்டர், அதையும் எச் நிலையில் 38.5க்கு செட் செய்து, பல்புக்குப் போகும் அதே வயரில் முதல் போர்டுக்கு அடுத்ததாக மாட்டிவிடுவேன். முதல் ரிலே ஒட்டினாலும் இரண்டாவது வெட்டிவிடும். கூடுதல் செலவு போர்டும் அடாப்டரும் மட்டும்தான்.

அறிகுறி 4: சூடு ஊஞ்சலாடுகிறது

35க்கும் 38க்கும் நடுவே போய்ப் போய் வந்தால் முதலில் பி1. கடையிலிருந்து வரும்போது அது 2 டிகிரி வித்தியாசத்தில் இருக்கும், அதாவது 37.5இல் அணைந்தால் 35.5 ஆன பிறகுதான் மறுபடி எரியும். அதை 0.3 ஆக்குங்கள். 0.1 வேண்டாம், ரிலே ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தேயும்.

அதிலும் அடங்கவில்லை என்றால் ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். சிலர் ஃபேனையும் பல்போடு சேர்த்து ரிலேக்குப் பின்னால் கொடுத்திருப்பார்கள். பல்பு அணைந்தால் ஃபேனும் நின்றுவிடும். ஃபேன் அடாப்டரிலிருந்து நேராக வாங்கி இரவு பகலாக ஓட வேண்டும். கடைசியாக, இரண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பி மூடி பெட்டிக்குள் படுக்க வையுங்கள். அவை சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். காசில்லாத வைத்தியம், கரண்ட் போகும்போதும் உதவும்.

ரிலே "டகடகடக" என்று விடாமல் அடித்தால் அது வேறு கதை. ஃபேனும் போர்டும் சேர்ந்து அடாப்டரின் சக்தியைத் தின்கின்றன. ஒரு ஆம்பியரோ அதற்கு மேலோ உள்ள அடாப்டர் போடுங்கள். சென்சார் வயரைப் பல்பு வயரோடு சேர்த்து முறுக்கியிருந்தால் பிரித்து விடுங்கள்.

அறிகுறி 5: திரையில் எல்லாம் சரி, ஆனால் பொரிப்பு சரியில்லை

நாளை எண்ணிப் பாருங்கள். 19, 20ஆம் நாளே குஞ்சுகள் வரத் தொடங்கினால் சூடு கூடுதல். 22, 23 என்று இழுத்தால் சூடு குறைவு. ஒரு மூலையில் முந்தியும் இன்னொரு மூலையில் பிந்தியும் வந்தால் பெட்டிக்குள் காற்று சுற்றவில்லை. காய்ச்சல் தெர்மாமீட்டரை நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஃபேன் முட்டையைப் பார்த்து ஊதாமல் பல்பின் மேல் ஊதிச் சுவரில் மோதித் திரும்பும்படி திருப்பி வையுங்கள். முட்டையைத் திருப்பும்போது இடத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பது சும்மா வரும் இன்னொரு வழி.

அறிகுறி 6: முட்டைக்குள் ஒன்றுமே இல்லை

ஏழாம் நாள் இருட்டில், செல்போன் டார்ச்சின் மேல் அட்டைக் குழாய் வைத்து, முட்டையை அதன் மேல் நிறுத்திப் பாருங்கள்.

*உள்ளே தெளிவாக, மஞ்சள் கரு நிழல் மட்டும் தெரிந்தால்:* கூமுட்டை. பெட்டியின் மேல் பழி போடாதீர்கள். சேவல் குறைவாக இருக்கலாம், எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். கடையில் வாங்கிய வெள்ளை முட்டை என்றால் அது பொரிக்கவே பொரிக்காது, அந்தப் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது.

*சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தால்:* கரு தொடங்கி, முதல் சில நாளில் செத்திருக்கிறது. பெரும்பாலும் சேமித்து வைத்த விதம்தான் காரணம். முட்டையை ஏழு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். வெயில் காலத்தில் சமையலறையில் 35 டிகிரியில் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்றுவிடும். அதற்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் அதிகக் குளிரில் வீணாகும். மண்பானை நீர் வைக்கும் ஈர மணல் மேடை பக்கத்தில், அகலப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் போதுமான குளிர்ச்சி கிடைக்கும். பாட்டிமார் அடைக்கூடையில் இரும்புத் துண்டும் மிளகாய் வற்றலும் போடுவார்கள், இடி இடித்தால் முட்டை கெடாதாம். இடிக்கு அது உதவுமோ என்னவோ, முட்டையை மண்ணிலும் தவிட்டிலும் குளிர்ச்சியாக வைத்திருந்த அவர்கள் பழக்கம் நல்ல பழக்கம்.

அறிகுறி 7: ஓட்டைக் கொத்தியது, வெளியே வரவில்லை

மனசு கெடுவது இதில்தான். இருபது நாள் காத்திருந்து, உள்ளே கீச்சென்று கேட்டு, காலையில் பார்த்தால் பாதி உடைந்த ஓட்டுக்குள் செத்துக் கிடக்கும்.

*குஞ்சு ஜவ்வோடு ஒட்டிக் காய்ந்திருந்தால்:* கடைசி மூன்று நாள் ஈரம் போதவில்லை. முதல் 18 நாள் 50, 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65, 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். கூட்டுவதற்கு ஆழமான பாத்திரம் பயன்படாது, அகலமான தட்டுதான் பயன்படும், தண்ணீர் ஆவியாவது மேற்பரப்பிலிருந்துதானே. தட்டில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைப் பாதி முங்க வைத்தால் இன்னும் நல்லது. "எப்படி இருக்கு பார்ப்போம்" என்று மணிக்கொரு தரம் மூடியைத் திறப்பதுதான் பெரிய எதிரி. ஒரு தடவை திறந்தால் அத்தனை ஈரமும் போய்விடும். 18ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தி மூடினால், குஞ்சு வரும்வரை திறக்காதீர்கள். பார்க்காமல் இருக்க முடியாதவர்கள் மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்துக்கொள்ளுங்கள்.

*குஞ்சு ஊதிப்போய், நீர் கோத்து, கொத்தாமலே செத்திருந்தால்:* ஈரம் கூடுதல். ஐப்பசி கார்த்திகை மழையில் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் 18 நாள் தண்ணீர்க் கிண்ணமே தேவைப்படாமல் போகலாம்.

ஈரப்பத மீட்டரை நம்புவதைவிட எடைத் தராசை நம்பலாம். முட்டையிலிருந்து 18 நாளில் ஏறக்குறைய 13 சதவீத எடை ஆவியாகிப் போக வேண்டும். பத்து முட்டை சேர்ந்து 450 கிராம் என்றால் 18ஆம் நாள் 390 கிராம் பக்கத்தில் நிற்க வேண்டும். அதைவிடக் கனமாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், லேசாக இருந்தால் கூட்டுங்கள். ஒன்பதாம் நாளே ஒரு தடவை போட்டுப் பார்த்தால், பாதி குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், திருத்த நேரமும் இருக்கும். இடையில் கூமுட்டையை எடுத்துவிட்டால் மீதியின் எடையைப் புதிதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

*கூர் முனைப் பக்கம் கொத்தியிருந்தால்:* முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அல்லது திருப்புவது போதவில்லை. பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி போட்டு, நாளுக்கு மூன்று தடவையாவது திருப்புங்கள்.

அறிகுறி 8: கரண்ட் போய்விட்டது

பெட்டியைத் திறக்காதீர்கள், மேலே ஒரு போர்வை போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் ஆகாது, அடைக்கோழியும் தீனிக்கு எழுந்து போகத்தான் செய்கிறது. கடைசி வாரத்தில் மட்டும் போர்வையால் காற்றுத் துளையை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வளர்ந்த கருவுக்குக் காற்று அதிகம் வேண்டும். பொரிப்பு சில மணி நேரம் தள்ளிப் போகலாம், அவ்வளவுதான்.

அறிகுறி 9: ஷாக் அடிக்கிறது, கருகல் வாடை வருகிறது, டிரிப் ஆகிறது

இதற்கு நானே எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவேன். தண்ணீர்த் தட்டுக்கு மேலேயே ஹோல்டர் தொங்குவது, இன்சுலேஷன் டேப் ஈரத்தில் விட்டுவிடுவது, ஓட்டைப் பிளக், எல்லாமே நடக்கிற கதைதான். நீங்கள் செய்யக்கூடியது: பிளக்கைப் பிடுங்குவது, தட்டை வெளியே எடுப்பது, கைபடாமல் வயர் கறுத்திருக்கிறதா எனப் பார்ப்பது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் இந்தப் பெட்டியை இரவில் ஓட்டாதீர்கள். பெட்டியைச் சரிசெய்ய வந்தவரிடமே அதையும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி 10: பெட்டி நாறுகிறது, பொரித்த குஞ்சுகள் தொப்புள் ஆறாமல் சாகின்றன

வாடை வரும் முட்டையை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். ஓட்டில் ஈரம் கசிந்திருக்கும். அதை ஆட்டாமல் எடுங்கள், உள்ளே வாயு சேர்ந்திருந்தால் வெடிக்கும், மற்ற முட்டைகள் மேலெல்லாம் தெறிக்கும். அழுக்கு முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், அதை வைக்காமலே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் தெர்மாகோலைப் பிளீச்சிங் தண்ணீரால் துடைத்து இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

இதையும் செய்து, சூடும் ஈரமும் சரியாக இருந்து, இரண்டாவது ஈட்டிலும் குஞ்சுகள் வரிசையாகச் செத்தால் பழுது பெட்டியில் இல்லை. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வரும் நோய்கள் உண்டு. செத்த குஞ்சு இரண்டு, பொரிக்காத முட்டை நாலைந்தை உடைக்காமல், ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார்கள். முடிவு வரும்வரை அந்தக் கோழிகளின் முட்டையைப் பெட்டியில் வைக்க வேண்டாம்.